ஒரு கண்ணாடி, ஒரு நூல், ஒரு பழைய போட்டோ



சந்தா, உள்கடன், வங்கி இணைப்பு, தீர்மானப் புத்தகம் என்று எத்தனையோ பாடங்களை நம் செய்தி மடலில் படித்திருப்பீர்கள். இந்த மாதப் பாடம் தலைமுடி. "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று சிரிக்க வேண்டாம். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் அஞ்சு நிமிஷம் நிற்கிறோம். அந்த அஞ்சு நிமிஷத்தில் என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று நம்மில் பலர் யோசித்ததே இல்லை. அம்மா எப்படி வாரிவிட்டாரோ அப்படியே இன்றுவரை வாரிக்கொண்டிருக்கிறோம்.

சென்னை பெசன்ட் நகரில், அடையாறு ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊரூர் ஒல்காட் குப்பம். மீனவர் குடும்பங்கள் வாழும் ஊர். குப்பத்தை விட்டு வெளியே நாலு தெரு நடந்தால் மாடி மாடியாக வீடுகள், பெரிய பெரிய பியூட்டி பார்லர்கள். குப்பத்துச் சகோதரிகளோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, காலேஜ் படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: "அக்கா, பார்லர்ல போயி உக்காந்தா உங்க ஃபேஸ் ஷேப் இன்னானு கேக்குறாங்க. எனுக்கு இன்னா தெரியும்? அவங்களே எதையோ வெட்டி வுட்டுட்டாங்க. மூணு மாசம் வெளிய போவ வெக்கமா இருந்துச்சு." பக்கத்தில் இருந்த ஆயா, "மூஞ்சி இன்னா ஷேப்பு, மூஞ்சி மாதிரிதான் கீது" என்று சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. காசு கொடுத்து முடி வெட்டிக்கொள்கிறோம். நம் முகம் எப்படிப்பட்டது என்று நமக்கே தெரிந்திருந்தால், "இப்படி வேணும், அப்படி வேணாம்" என்று வாய் திறந்து சொல்லலாம். அதைத்தான் முதலில் பார்க்கப் போகிறோம்.

முகத்தை அளப்பது எப்படி?

இதற்கு ஒரு கண்ணாடியும் ஒரு முழ நூலும் போதும். டெய்லர் டேப் இருந்தால் இன்னும் நல்லது. தலைமுடி முழுவதையும் பின்னால் தள்ளி ஒரு துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கூட ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் முகத்தை நாமே அளந்தால் கை தப்பும்.

நாலு அளவு எடுக்க வேண்டும். முதலாவது நீளம்: நெற்றியில் முடி தொடங்கும் இடத்தின் நடுவில் இருந்து தாடை நுனி வரை. இரண்டாவது நெற்றி அகலம்: புருவத்துக்கும் முடி தொடங்கும் இடத்துக்கும் பாதி உயரத்தில். மூன்றாவது கன்ன எலும்பு அகலம்: கண்ணின் வெளி ஓரத்துக்குக் கீழே, சிரித்தால் மேடாகத் தெரிகிற இடத்தில், இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம். நாலாவது தாடை அகலம்: காதுக்குக் கீழே எலும்பு திரும்பும் மூலையில் இருந்து எதிர் மூலை வரை.

இங்கே ஒரு தவறு நடக்கும். நூலை முகத்தோடு ஒட்டி வளைத்து அளந்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் மூக்கும் கன்னமும் சேர்ந்து அளவு கூடிப்போகும். முகத்துக்கு முன்னால் நூலை நேராக இழுத்துப் பிடித்து, இரண்டு ஓரத்தையும் விரலால் குறித்துக்கொள்ள வேண்டும்.

நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, கன்னம் உருண்டையாக இருந்தால் வட்ட முகம். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு அளவில் இருந்து தாடை மெதுவாகக் குறுகினால் முட்டை முகம். அதையும் விட நீளம் என்றால் நீள முகம். நெற்றி, கன்னம், தாடை மூன்றும் ஒரே அகலம், தாடை மூலை எடுப்பாகத் தெரிகிறது என்றால் சதுர முகம். நெற்றி அகலம், தாடை கூர்மை என்றால் அதை இதய வடிவம் என்பார்கள். நான் வெற்றிலை முகம் என்றுதான் சொல்வேன், உடனே புரிந்துவிடும். நெற்றியும் தாடையும் குறுகி கன்ன எலும்பு மட்டும் அகலமாக இருப்பது வைர முகம்.

"எனக்கு ரெண்டும் கலந்து வருதே" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அப்படித்தான் வரும். கடவுள் ஸ்கேல் வைத்து வரைந்து அனுப்பவில்லை. எது தூக்கலாகத் தெரிகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு ஒன்றே ஒன்றுதான்

முகத்துக்கு ஏற்ற முடி என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனைக்கும் அடியில் இருக்கும் கணக்கு ஒன்றுதான். முகத்தில் எது அதிகமாக இருக்கிறதோ அந்த இடத்தில் முடியை அடக்க வேண்டும். எது குறைவாக இருக்கிறதோ அந்த இடத்தில் முடியைக் கூட்ட வேண்டும். கண்ணை ஏமாற்றும் வேலை இது. குள்ளமானவர் நெடுக்குக் கோடு போட்ட புடவை கட்டினால் உயரமாகத் தெரிகிறாரே, அதே கதை.

வட்ட முகத்தை எடுத்துக்கொள்வோம். அகலம் கூடுதல். அதனால் காதோரம் முடி புடைத்து நிற்கக் கூடாது. காதோரத்தைப் படிய வாரி, உச்சியில் மட்டும் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். சீப்பால் உச்சி முடியை உள்பக்கமாக நாலு தரம் தள்ளி, மேலே ஒரு படலம் முடியைப் போட்டு மூடினால் அந்த உயரம் வந்துவிடும். வகிடு சரி நடுவில் இல்லாமல் ஒரு விரல் அகலம் தள்ளி எடுத்தால் கன்னத்தின் உருண்டை குறையும். கொண்டை போட்டால் கொஞ்சம் மேலே போடுங்கள். முடியைக் கன்னத்தோடு வெட்டிக்கொள்வது மட்டும் வேண்டாம், முகம் இன்னும் உருண்டையாகிவிடும். பார்லரில் அந்தக் காலேஜ் பெண்ணுக்கு நடந்தது அதுதான். அவளுக்கு வட்ட முகம். கன்னத்து அளவில் வெட்டியிருந்தார்கள்.

நீள முகத்துக்கு இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். உச்சியில் தூக்கவே கூடாது. கொண்டை பிடரியில், தாழ்வாக. காதோரம் முடியை இறுக்காமல் கொஞ்சம் தளர்த்திவிட்டால் முகத்துக்கு அகலம் கிடைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கொண்டையைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து இருக்கும். நீள முகக்காரர்களுக்கு அந்த மாதிரி பக்கக் கொண்டை நன்றாக எடுபடும். பார்ப்பவர் கண் மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் போகும்.

சதுர முகத்தில் தாடை மூலை தெரிகிறது என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒரு அழகு என்றுதான் தோன்றும், முகத்தில் ஒரு உறுதி தெரியும். குறைத்துக் காட்ட வேண்டும் என்றால் பக்க வகிடு எடுத்து, காதுக்கு முன்னால் ரெண்டு சுருள் முடியை விடுங்கள். தாடைக்கு நேராக முடி முடியும்படி வெட்டாதீர்கள். வைர முகத்துக்கு நெற்றியோரமும் கழுத்தோரமும் முடி கூட்டினால் போதும். முட்டை முகக்காரர்களுக்கு எது போட்டாலும் பொருந்தும், அவர்கள் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கழுத்தையும் பார்க்க வேண்டும். இதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். கழுத்து குட்டையாக இருந்து கொண்டையைப் பிடரியில் போட்டால் தலை நேராகத் தோளில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கொண்டையை நாலு விரல் மேலே ஏற்றுங்கள். நீளக் கழுத்துக்குத் தாழ்ந்த கொண்டை, அல்லது பின்னலை ஒரு தோள் வழியாக முன்னால் போட்டுக்கொள்வது அழகு.

நம் முன்னோர்கள் இதையெல்லாம் யோசிக்காதவர்கள் இல்லை. பெண்களின் கூந்தலுக்குப் பழைய தமிழில் ஐம்பால் என்றே ஒரு பெயர் உண்டு. ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நாம்தான் ஒரே கொண்டையில் ஆயுசைக் கழிக்கிறோம்.

ஆண்களும் இந்தக் கணக்கைச் செய்கிறவர்கள்தான், தாடியை வைத்து. ஒல்காட் குப்பத்துக்குப் பெயர் தந்த கர்னல் ஒல்காட், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவர். சபையின் தலைமையிடம் 1882-ல் அடையாறுக்கு வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியவர். அவர் போட்டோவைப் பார்த்தால் முதலில் தெரிவது நெஞ்சு வரை தொங்கும் வெள்ளைத் தாடிதான். தாடி இல்லாமல் அவர் முகம் என்ன வடிவம் என்று யாராலும் சொல்ல முடியாது!

வெற்றிலை முகமும் பெரிய நெற்றியும்

இப்போது வெற்றிலை முகத்துக்கு வருவோம். பெரிய நெற்றி, கூரான தாடை. இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. இந்தி நடிகை சாதனா. 1960-ல் வந்த 'லவ் இன் சிம்லா' படத்தில் நடிக்க வந்தபோது அவருடைய நெற்றி மிகவும் அகலமாகத் தெரிந்தது. படத்தின் இயக்குநர் ஆர்.கே. நய்யார், ஆங்கிலப் பட நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் வைத்திருந்த மாதிரி முன்முடியை வெட்டி நெற்றியில் விடச் சொன்னார். நெற்றி பாதி மறைந்தது. கண்கள் எடுப்பாகத் தெரிந்தன. படம் வந்த பிறகு ஊர் ஊராகப் பெண்கள் 'சாதனா கட்' என்று கேட்டு வெட்டிக்கொண்டார்கள். குறை என்று நினைத்ததை மறைக்கச் செய்த வேலை, நாட்டுக்கே ஃபேஷன் ஆகிவிட்டது.

ஆனால் அதே கட்டிங் எல்லோருக்கும் சரிவராது. வட்ட முகத்துக்காரர் நெற்றி முழுக்க முடியை விட்டால் முகம் பாதியாகி இன்னும் உருண்டையாகத் தெரியும். சுருட்டை முடிக்கு அது படியாமல் எழும்பி நிற்கும். கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். வெட்டாமலே செய்ய ஒரு வழி உண்டு. பக்க வகிடு எடுத்து, முன்முடியை நெற்றியின் ஒரு மூலையை மறைக்கிற மாதிரி சாய்த்து வாரி, காதுக்கு மேலே ஒரு ஊசி குத்துங்கள். கீழே, தாடைப் பக்கம் முடி கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டாலும் சரிதான். கல்யாணப் பெண் என்றால் நெற்றிச்சுட்டி இருக்கிறது. அகல நெற்றியை ரெண்டாகப் பிரித்துக் காட்டத்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் மீன் விற்கும் ஒரு அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும். "எனுக்கும் நெத்தி பெருசும்மா. அந்த சாதனா மாதிரி இன்னா பண்லாம் சொல்லு" என்றார். முடியைப் பின்னால் இழுத்து உச்சிக்குப் பின்னால் இறுக்கமாகக் கொண்டை போட்டிருந்தார். அளந்து பார்த்தோம். உண்மைதான், நெற்றி அகலம், உயரமும் கூட. ஆனால் நெற்றிப்பொட்டு ஓரம், காதுக்கு மேலே, சின்னச் சின்ன முடி மட்டும் ஒரு வரிசை நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் விரல் அகலத்துக்கு முடி மிகவும் அடர்த்தி குறைந்திருந்தது.

"அக்கா, கல்யாண போட்டோ இருக்கா?" என்று கேட்டேன்.

"சுனாமில தண்ணி உள்ள பூந்து ஆல்பம்லாம் ஊறிப் போச்சு. ஓட்டர் ஐடிதான் கீது" என்று மகளை அனுப்பி எடுத்துவரச் சொன்னார். பழைய அட்டை. அதில் இருந்த முகத்தைப் பார்த்து அந்த அக்காவே கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் போட்டோவில் நெற்றி பெரிது இல்லை. மூன்று விரல் நெற்றிதான். இத்தனை வருஷத்தில் முடி பின்வாங்கிப் போயிருக்கிறது. அவர் அதைப் பிறவியிலேயே பெரிய நெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சகோதரிகளே, இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

இழுப்பதால் போகிற முடி

முடியை வருஷக்கணக்கில் ஒரே பக்கம் இறுக்கி இழுத்துக்கொண்டே இருந்தால், வேர் தளர்ந்து அந்த இடத்தில் முடி உதிரும். டாக்டர்கள் இதற்கு டிராக்ஷன் அலோபீஷியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் பாதிக்கப்படுவது நெற்றி ஓரமும் காதுக்கு மேல் பகுதியும்தான். இறுக்கக் கொண்டை, இறுக்கப் பின்னல், குதிரைவால், கனமான சவுரி, எல்லாமே காரணம் ஆகலாம். நடன நிகழ்ச்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் வரும், யூனிஃபார்ம் போட்டுத் தலையை இறுக்கிக் கட்ட வேண்டிய வேலைக்காரர்களுக்கும் வரும். கூடை சுமக்கிறவர்களுக்கு உச்சியில் சும்மாடு அழுத்தித் தேய்கிற இடத்திலும் முடி முறியும்.

தொடக்கத்தில் இதைக் கண்டுபிடிக்க அடையாளங்கள் உண்டு. கொண்டையை அவிழ்த்தால் மண்டைத்தோல் வலிக்கும், விரல் பட்டாலே கூசும். முடி ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வரும். நெற்றி ஓரத்தில் உடைந்த குட்டை முடி நிற்கும். இந்தக் கட்டத்தில் இழுப்பதை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் முடி திரும்ப வளரும். ஆனால் பல வருஷம் விட்டுவிட்டு, தோல் வழவழ என்று பளபளப்பாகி முடிக்கண்ணே தெரியாமல் போய்விட்டால், அந்த இடத்தில் முடி வராது. எந்த எண்ணெயும் வரவைக்காது. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

ஏன் அப்படி இறுக்கிக் கட்டுகிறீர்கள் என்று அந்த அக்காவைக் கேட்டேன். கேட்டது என் தப்பு. "கையெல்லாம் செதிலு, ரத்தம். மீன் வெட்றப்போ முடி மூஞ்சில வந்து வுழுந்தா எந்தக் கையால ஒதுக்குறது? விடிகாலம் காசிமேடு போவ சொல்லோ கட்னா ராத்திரி வரைக்கும் நிக்கணும்ல?" என்றார். இதுதான் விஷயம். அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் "முடியைத் தளர்வாக விடுங்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வேலை செய்கிறவர்கள் எப்படி விட முடியும்?

அதனால் இப்படி யோசித்தோம். கொண்டை நிற்க வேண்டும், ஆனால் வேரை இழுக்கக் கூடாது. இழுப்பால் நிற்கிற கொண்டையை, ஊசியாலும் வலையாலும் நிற்கிற கொண்டையாக மாற்றினால் சரியாகிவிடும். முடியை முதலில் பிடரியில் தளர்வாக ஒரு பின்னல் போடுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், அது முடியை அறுக்கும்; துணி சுற்றிய பேண்டு போடுங்கள். பின்னலைச் சுருட்டிக் கொண்டை ஆக்கி, நாலு திசையிலும் யு வடிவக் கொண்டை ஊசி ஒவ்வொன்று. ஊசியை முதலில் வெளிப்பக்கம் பார்த்துக் கொஞ்சம் முடியைக் கோர்த்துக்கொண்டு, பிறகு உள்பக்கம் திருப்பிக் கொண்டைக்குள் தள்ள வேண்டும். அப்போதுதான் பூட்டு மாதிரி பிடிக்கும். மேலே கொண்டை வலை. முன்முடி முகத்தில் விழாமல் இருக்க, ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டை நாலு விரல் அகலத்தில் மடித்து நெற்றியோரம் இருந்து பிடரி வரை கட்டிக்கொண்டால் போதும். வெயிலுக்கும் நல்லது, உப்புக் காற்றுக்கும் நல்லது.

இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. கொண்டை போட்டதும் ரெண்டு புருவத்தையும் மேலே தூக்குங்கள். நெற்றியோரத்தில் இழுக்கிறதா, வலிக்கிறதா? அவிழ்த்துவிட்டு மறுபடி போடுங்கள்.

கொண்டையின் இடத்தையும் வகிட்டையும் அடிக்கடி மாற்றுங்கள். சின்ன வயதில் இருந்து ஒரே வகிடு எடுத்தவர்களுக்கு அந்தக் கோடு அகலமாகிப்போயிருக்கும். கண்ணாடியில் பாருங்கள். ஈர முடியைக் கட்டாதீர்கள்; ஈரத்தில் முடி எளிதாக நீண்டு முறியும், நாற்றமும் வரும். ராத்திரி கொண்டையோடு தூங்காமல் தளரப் பின்னிவிட்டுப் படுங்கள். குழந்தைகளுக்கு ஸ்கூல் ரெட்டை ஜடை போடும்போது, பிள்ளை "வலிக்குது" என்றால் அது சோம்பேறித்தனம் இல்லை, நிஜமாகவே வலிக்கிறது.

வேறு காரணங்களும் உண்டு

முடி கொட்டுவது எல்லாம் இழுப்பதால் இல்லை. ஒரு நாளைக்கு 50-ல் இருந்து 100 முடி வரை கொட்டுவது எல்லோருக்கும் இயல்பு. பிள்ளை பெற்று ரெண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக வரும். குழந்தை முகம் பார்க்கத் தொடங்கியதால் கொட்டுகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது உடம்பில் ஹார்மோன் மாறுவதால். ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். டைபாய்டு, டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து ரெண்டு மூன்று மாதம் கழித்தும் இப்படிக் கொட்டும்.

இரத்தச்சோகையும் தைராய்டும் பெரிய காரணங்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச்சோகை இருப்பது தெரிந்தது. அதனால் முடி கொட்டுகிறது என்றால் ஷாம்பூவை மாற்றுவதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். மீன் விற்கிற வீட்டிலேயே நல்ல மீனை எல்லாம் விற்றுவிட்டு அம்மா மட்டும் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற கதை நமக்குத் தெரியாதா?

வட்டமாக, காசு அளவுக்கு முடி உதிர்ந்தால் அதைப் புழுவெட்டு என்போம். புழு எதுவும் வெட்டவில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேரைத் தாக்குவதால் வருவது. வெங்காயம், பூண்டு என்று தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள். சென்னையில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனையிலும் சென்ட்ரல் எதிரில் இருக்கும் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

டை அடிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைய கறுப்பு டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது, முகமும் கண்ணும் வீங்கிவிடும். போன தடவை ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்தத் தடவையும் ஆகாது என்று இல்லை. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரித்தால், சிவந்தால் அந்த டை உங்களுக்கு வேண்டாம். வெள்ளி முடியோடு இருப்பதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பூ வைப்பதிலும் கணக்கு உண்டு

நம் ஊரில் தலைவாரல் என்றால் பூ இல்லாமலா? வட்ட முகக்காரர்கள் மல்லிகையைக் கொண்டையைச் சுற்றி வட்டமாக வைக்காமல், பின்னலில் நீளவாக்கில் தொங்கவிடலாம். நீள முகக்காரர்கள் காதுக்குக் காது அகலமாக வைக்கலாம், முன்னால் இருந்து பார்த்தாலும் ரெண்டு பக்கமும் பூ தெரிய வேண்டும். சதுர முகத்துக்கு ஒரு பக்கமாக மட்டும் ஒரு ரோஜா. கனகாம்பரம் எடை இல்லாதது, மெல்லிய முடிக்கு நல்லது. முகூர்த்தத்துக்குப் பந்து பந்தாக மல்லிகை வைத்து, சவுரியும் சேர்த்துக் காலை நாலு மணிக்குப் போடும் ஜடையை ராத்திரி வரவேற்பு வரை அப்படியே வைத்திருக்காதீர்கள். கல்யாணப் பெண்ணுக்குத் தலைவலி வருவதற்கு ஓமப் புகை மட்டும் காரணம் இல்லை.

இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று நாலைந்து பேர் கேட்டார்கள். செய்யலாம். நமக்குக் கடை தேவையில்லை, வீட்டுக்கு வீடு போய்ச் செய்யும் வேலை. சீப்பு வகை, கொண்டை ஊசி, வலை, நல்ல கத்தரிக்கோல், கண்ணாடி, இவ்வளவு முதலீடு உள்கடனிலேயே அடங்கும். பெரிய கடன் எடுத்துப் பார்லர் போட்டு வாடகை கட்ட முடியாமல் திணறியவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதல் வருஷம் கடை வேண்டாம் என்பது என் கருத்து. கிராமங்களில் இருக்கும் சகோதரிகளுக்கு, வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசம். உங்கள் மாவட்டத்து மகளிர் திட்ட அலுவலகத்தில் எப்போது என்று கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு, சீப்பை ஒவ்வொரு தலைக்கும் பிறகு சோப்புத் தண்ணியில் கழுவுவது, இந்த ரெண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேன் ஒரு வீட்டில் இருந்து அடுத்த வீட்டுக்குப் போனால் தொழிலும் அதோடு போய்விடும்.

கேன்சர் சிகிச்சையில் முடி போனவர்கள் யாராவது உங்கள் குழுவில் இருந்தால், அவர்களிடம் தயங்காமல் பேசுங்கள். அடையாறு கேன்சர் மருத்துவமனைக்கு 1954-ல் இருந்து ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள், நமக்குப் புதிதான விஷயம் இல்லை. மருந்து முடிந்ததும் பெரும்பாலும் முடி திரும்ப முளைக்கும். குட்டை முடியாக இருக்கும் அந்த மாதங்களில் அந்த முகத்துக்கும் பக்க வகிடா, நேராகவா என்று பார்த்து வாரிவிடுங்கள். அந்த ஒரு அங்குல முடியை யாராவது கையால் தொட்டு வாரிவிடுவதே அவர்களுக்குப் பெரிசு.

அந்த மீன்கார அக்காவுக்கு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும், அவசரம் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அஞ்சு மாசம் கழித்து மறுபடி போனேன். புடவைத் துணியைக் கட்டிக்கொண்டு மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை முழுக்கச் செதில் இருந்ததால், தலையை மட்டும் என் பக்கம் குனிந்து, "பாரும்மா, பாரு" என்றார். இடது பக்கம் குட்டிக் குட்டியாகக் கறுப்பு முடி ஒரு வரிசை முளைத்திருந்தது. வலது பக்கத்தில் பாதி இடம் இன்னும் வழவழ என்றுதான் இருக்கிறது. அதற்குத் தோல் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வியாபாரம் குறைவு, அன்றைக்குப் போகிறேன் என்றார். அதுவரை வலது பக்கத்தை மறைக்க வகிட்டை இடது பக்கம் மாற்றிச் சாய்த்து வாரிவிட்டேன். "சாதனா மாதிரி கீதா?" என்று கேட்டார். அவர் மகள் மொபைலில் ஒரு போட்டோ எடுத்தாள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கண்ணாடி, ஒரு முழ நூல், உங்கள் பழைய போட்டோ ஒன்று எடுத்து வாருங்கள். சந்தா வசூல் முடிந்ததும் ரெண்டு ரெண்டு பேராக உட்கார்ந்து அளந்து பாருங்கள்.